யார் மடியில் இருக்கிறது கணினி?

அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் நடத்தும் என் தோழி ஒருமுறை தன் வகுப்புக்கு வந்து உட்காரச் சொன்னாள். நான் தமிழ் படித்தவள், கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். ஆங்கில வகுப்பில் எனக்கென்ன வேலை என்றேன். "கவிதைதானே நடத்தப் போறேன், வாடி" என்றாள். போனேன்.

பத்தாம் வகுப்பு. கணினி ஆய்வகத்தில் பாடம். ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்திருந்தாள். அவளுடைய மடிக்கணினியிலிருந்து ஒரு வயர் புரொஜெக்டருக்குப் போனது. அன்றைய பாடம் 2019இல் வந்த புதிய பாடநூலில் இருக்கும் 'ஐ ஆம் எவ்ரி உமன்'. ராக்கி நரியானி ஷிர்கே எழுதியது. பெண்ணின் அழகையும் வலிமையையும் விடாமுயற்சியையும் போற்றி, அவளைப் பெண்சிங்கம் என்று சொல்லி, அவளை மதியுங்கள் என்று கேட்டு முடிகிற சிறிய கவிதை. கவிதையை யாரும் வாசிப்பதற்கு முன்பே திரையில் படங்கள் ஓடத் தொடங்கின. பின்னணியில் வயலின். குழந்தையை ஏந்திய தாய். விமானி உடையில் ஒருத்தி. நாற்று நடும் ஒருத்தி. கடைசியில், மகளிர் தினம்தோறும் நம் கைபேசிக்கு வந்து சேரும் அந்தப் படம்: பத்துக் கைகளுடன் ஒரு பெண். ஒரு கையில் கரண்டி, ஒன்றில் துடைப்பம், ஒன்றில் பால்புட்டி, ஒன்றில் கைபேசி, இன்னொன்றில் மடிக்கணினி. வெளுத்த நிறம், சிரித்த முகம்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்னவென்று தோழி கேட்டாள். எழுந்து நின்றவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இல்ல மிஸ், எல்லாக் கையிலயும் வேல இருக்கு. அவங்க எப்ப மிஸ் உக்காருவாங்க?"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. அடுத்த பாடவேளைக்கு மணி அடித்தது. வெளியே வந்தபோது தோழி சொன்னாள்: "அந்தப் படத்த நெட்லேருந்து எடுத்தேன். அதுல அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கே தோணல." எனக்கும் தோன்றவில்லை. அன்று அந்த அறையில் நடந்த இலக்கிய விமரிசனம் அந்தப் பிள்ளையின் ஒரு வரிக் கேள்விதான். மடிக்கணினியும் படமும் ஒலியும் இலக்கிய வகுப்புக்குள் வந்திருப்பதை அந்தக் கேள்வியிலிருந்து யோசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

*

மடிக்கணினி என்ற சொல் தமிழ்நாட்டின் சாதாரண வீடுகளுக்குள் வந்தது 2011 செப்டம்பர் 15க்குப் பிறகு. அன்றுதான் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பெண், வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் பெயருக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு பெரிய பொருளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ரேஷன் அட்டை அப்பா பெயரில், பட்டா தாத்தா பெயரில், எரிவாயு இணைப்பு அம்மா பெயரில் இருந்தாலும் பணம் அப்பாவிடம். இந்தப் பெட்டி மட்டும் அவள் பெயரில் வந்தது. அதற்குப் பின் 2018, 2019இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சாயின. கைபேசியைக் காட்டினால் பாடத்துக்கான காணொலி திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. இவற்றையெல்லாம் அனுபவித்த முதல் தலைமுறைப் பெண்கள்தான் இப்போது என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் தாயாகவும் ஆகிவிட்டார்கள்.

அந்தச் சொல்லையே கொஞ்சம் பாருங்கள். மடியில் வைத்துக்கொள்வது மடிக்கணினி. நம் வீடுகளில் பெண்ணின் மடி எப்போது காலியாக இருந்திருக்கிறது? தம்பி தலைவைத்துத் தூங்கும் மடி. முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கும் மடி. உதிரிப் பூவைக் கொட்டிக்கொண்டு கட்டும் மடி. தீப்பெட்டி ஒட்டிய மடி, பீடி சுற்றிய மடி. மடியில் கணினியை வைத்துக்கொள்ள முதலில் மடி காலியாக வேண்டும். அதற்கு முன், உட்கார வேண்டும். பின்வரிசைப் பெண் கேட்டது அதைத்தான்.

*

கருவியைப் பழிப்பது எனக்கு நோக்கமில்லை. இலக்கிய வகுப்பில் திரை வந்ததால் கிடைத்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலக் கவிதை நம் பிள்ளைகளுக்கு எழுத்தாகத்தான் வருகிறது, ஓசையாக வருவதில்லை. தமிழ்க் கவிதை அப்படியல்ல. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் கேட்டுக் கேட்டுத் தமிழின் தாளம் காதில் ஏறிய பிறகுதான் ஒரு பெண் எழுத்தைப் பார்க்கிறாள். ஆங்கிலச் செய்யுளில் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பது அச்சிட்ட தாளைப் பார்த்தால் தெரியாது. வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பெண்ணுக்கு, ஒரு கவிதையை நல்ல குரலில் நான்கு முறை கேட்க முடிவது பெரிய விஷயம். ஆசிரியரின் பயத்தில் கேட்காமல், தானே ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்க முடிவது அதைவிடப் பெரிது.

அதே பத்தாம் வகுப்பு நூலில் ஐஎன்எஸ்வி தாரிணி பற்றிய பாடம் ஒன்று இருக்கிறது. வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு கடற்படைப் பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து பாய்மரப் படகில் கிளம்பி, உலகைச் சுற்றி, 254 நாட்கள் கழித்து 2018 மே 21 அன்று திரும்பி வந்தார்கள். தென்கடலின் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை வார்த்தையில் சொன்னால், கடலையே பார்த்திராத உள்மாவட்டப் பிள்ளைக்கு அது ஏரி அலையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். காணொலியில் அந்தச் சிறு படகு அலைக்குள் போய் மறைந்து மறுபடி மேலே வரும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டதைத் தோழி சொன்னாள். அந்த இடத்தில் படம் செய்த வேலையை எந்த விளக்கவுரையும் செய்ய முடியாது. அலை என்பது செய்தி. அதைக் காட்டலாம், காட்ட வேண்டும்.

கவிதைக்குள் இருக்கும் பெண் அப்படிப்பட்ட செய்தி அல்ல. இந்த வேறுபாட்டை நான் தெரிந்துகொண்டது என் சொந்தத் தவறில். சங்கப் பாடல் நடத்த நானும் ஒருகாலத்தில் படக்காட்சி தயாரித்தேன். குறிஞ்சித் திணைக்குக் குறிஞ்சிப் பூவின் படத்தைப் போட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் பூவை மாணவிகள் வேறெங்கே பார்ப்பார்கள்? அது சரியாகவே இருந்தது. அடுத்த படத்தில் தலைவிக்காக ஒரு திரைப்பட நடிகையின் படத்தைப் போட்டேன், மூங்கில் காட்டின் பின்னணியில் நீலச் சேலையில். அந்தப் பருவத் தேர்வில் தலைவியின் மனநிலையைப் பற்றி எழுதிய மாணவிகளில் பலர் அவளுடைய வெண்ணிறத்தையும் வர்ணித்திருந்தார்கள். பாடலில் அப்படி ஒரு சொல்கூட இல்லை.

அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. அந்த விதியை நான் ஆண்டுதோறும் நடத்தியவள். பெயர் இல்லாததால்தான் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் எவளும் அந்தப் பாட்டுக்குள் போய் நின்றுகொள்ள முடிகிறது. பெயரைக்கூடச் சொல்லாமல் விட்ட இடத்தில் நான் ஒரு முகத்தையே ஒட்டிவைத்தேன். கறுத்த பெண்கள் நிறைந்த வகுப்பில், பாட்டுக்குள் இருப்பவள் உன்னைப் போன்றவள் இல்லை என்று சொல்லிவிட்டேன். பூவைக் காட்டலாம், தலைவியைக் காட்டக் கூடாது. அன்றிலிருந்து என் வகுப்பில் இதுதான் சட்டம்.

ஆண் பார்க்க, பெண் பார்க்கப்படுகிற சினிமாவைப் பற்றிப் பெண்ணியர்கள் நிறைய எழுதியாயிற்று. வகுப்பறைத் திரையை நாம் அந்தக் கண்ணால் பார்ப்பதில்லை, கல்வி என்று பெயர் வைத்துவிட்டதால். இணையத்தில் 'இந்தியப் பெண்' என்று தேடினால் எந்த முகங்கள் முதலில் வந்து விழுகின்றனவோ, அவைதான் அவசரமாகப் பாடம் தயாரிக்கும் ஆசிரியையின் திரைக்கும் வருகின்றன. பாடநூல் குழு கவனமாகத் தவிர்த்த படிமங்கள்கூடப் பின்வாசல் வழியாக வகுப்புக்குள் நுழைந்துவிடுகின்றன.

*

இதே நூலின் துணைப்பாடத்தில் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' கதைவடிவில் இருக்கிறது. தீவில் மகள் மிராண்டாவுடன் வாழும் மந்திரவாதி பிராஸ்பரோ. மூல நாடகத்தை ஒருமுறை ஆசிரியரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். பிராஸ்பரோதான் இலக்கியத்தில் நாம் பார்க்கும் முதல் மல்டிமீடியா ஆசிரியர் என்று எனக்குத் தோன்றும். புயலைக் காட்சியாக எழுப்புகிறான். கப்பல் உடைவதை மகள் பார்த்துப் பதறுகிறாள். அதன்பின் உட்காரவைத்து அவளுடைய கதையை அவளுக்கே சொல்கிறான். கவனிக்கிறாயா, கேட்கிறாயா என்று இடையிடையே அதட்டுகிறான். கதை முடிந்ததும் மந்திரத்தால் அவளைத் தூங்கவைக்கிறான். பின்னால் தேவதைகள் ஆடும் காட்சி ஒன்றை அவளுக்கும் அவள் காதலனுக்கும் நடத்திக்காட்டும்போது, பேசாமல் பார்க்க மட்டும் வேண்டும் என்று கட்டளையிடுகிறான். புத்தகங்கள் அவனுடையவை. மந்திரக்கோலும் அவனுடையது. எந்த இளவரசிக்கும் கிடைக்காத படிப்பை மகளுக்குக் கொடுத்ததாகப் பெருமையும் பேசுகிறான்.

மிராண்டா தானாகச் செய்யும் காரியம் ஒன்றுண்டு. தகப்பன் சொல்லக் கூடாது என்று தடுத்திருந்த தன் பெயரைக் காதலனிடம் சொல்லிவிடுகிறாள். சொன்ன உடனே, தகப்பன் பேச்சை மீறிவிட்டோமே என்று திடுக்கிடுகிறாள். நாடகத்தில் அது நொடிநேரத்தில் கடந்துபோகும். படத்தில் பார்த்தால் தவறிவிடும். பெண்பிள்ளைகளோடு படித்தால் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

ஷேக்ஸ்பியரைக் கதையாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மரபுக்கும் ஒரு பெண் கதை இருக்கிறது. 1807இல் லண்டனில் வெளிவந்த 'டேல்ஸ் ஃப்ரம் ஷேக்ஸ்பியர்' நூலில் இருபது நாடகங்கள். அவற்றில் பதினான்கைக் கதையாக எழுதியவர் மேரி லாம்ப். 'தி டெம்பெஸ்ட்' அவர் எழுதியது. துன்பியல் நாடகங்கள் ஆறை எழுதியவர் தம்பி சார்ல்ஸ் லாம்ப். முதல் பதிப்பில் அச்சான பெயர் தம்பியுடையது மட்டும்.

அந்த நூலின் முன்னுரை இன்னும் சுவாரசியமானது. இந்தக் கதைகள் முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை என்கிறது. காரணம், ஆண்பிள்ளைகள் சிறுவயதிலேயே தகப்பனின் நூலகத்துக்குள் போய் மூலத்தைப் படித்துவிடுகிறார்கள். பெண்களுக்கு அந்த அனுமதி வெகு தாமதமாகத்தான் கிடைக்கிறது. எனவே அண்ணன் தம்பிகள் தங்கள் சகோதரிகளுக்குக் கடினமான பகுதிகளை விளக்கிச் சொல்லி உதவ வேண்டும் என்றும், சகோதரியின் காதுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து மூலத்திலிருந்து வாசித்துக் காட்டலாம் என்றும் அது கேட்டுக்கொள்கிறது. இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. தகப்பனின் நூலகம் இருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

*

விலையில்லா மடிக்கணினி வாங்கிய பெண்கள் கல்லூரிக்கு வரும்போது நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "அந்தப் பெட்டி இப்ப எங்கம்மா இருக்கு?"

"அண்ணன் ஷார்ட் ஃபிலிம் எடிட் பண்ண எடுத்துக்கிட்டான் மேம்."

"மாமா வீட்டுப் பையன் இன்ஜினியரிங் சேந்தான். அவனுக்குக் குடுத்தாச்சு."

"அப்பாவுக்கு முடியாமப் போச்சு. அப்ப வித்துட்டோம்."

ஒருத்தி சொன்னது என்னை விட்டுப் போகவே இல்லை. அவளுடைய மடிக்கணினி அட்டைப்பெட்டி பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சீர்வரிசையில் வைக்க. படிப்பதற்காக அவள் பெயரில் வந்த பொருள், கட்டில் பீரோ மிக்ஸி வரிசையில் போய்ச் சேர்ந்து, இன்னொரு வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறது. திறக்காமல் வைத்திருந்தால் மின்கலம் செத்துவிடும் என்றேன். "எங்கம்மாகிட்ட சொன்னேன் மேம். செத்தாலும் பரவால்ல, புதுசா இருக்கணும்னாங்க" என்றாள்.

இந்தத் தாய்மார்களைக் குறைசொல்வது எளிது. நகையும் இல்லாத, நிலமும் இல்லாத ஒரு தாய், மகளுக்கென்று சேமிக்க முடிந்த ஒரே பொருளைச் சேமிக்கிறாள். அவள் கணக்கில் அது பாதுகாப்பு. அந்தப் பெட்டிக்குள் ஒரு நூலகம் இருந்திருக்க முடியும் என்பதை அவளுக்குச் சொல்ல யாரும் வரவில்லை. வழங்கும் விழாவில் மேடை இருந்தது, மாலை இருந்தது. வீட்டில் அதை எங்கே வைப்பது, யார் எந்த நேரத்தில் தொடுவது என்று பேச ஒரு பெற்றோர் கூட்டம் நடந்ததாக எந்த மாணவியும் என்னிடம் சொன்னதில்லை.

பத்தாம் வகுப்பு நூலில் ருட்யார்ட் கிப்ளிங்கின் 'தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்' கவிதையும் உண்டு. 1911இல், பிள்ளைகளுக்கான ஒரு வரலாற்று நூலுக்காக அவர் எழுதியது. இயந்திரங்களே பேசுகின்றன. எண்ணெயும் நிலக்கரியும் தண்ணீரும் கொடுத்தால் எதையும் செய்வோம், ஆனால் அன்போ இரக்கமோ மன்னிப்போ எங்களிடம் எதிர்பார்க்காதீர்கள் என்கின்றன. ஏகாதிபத்தியத்தின் உச்சத்தில் எழுந்த குரல் என்றாலும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. இயந்திரத்துக்கு வீட்டின் நியாயம் தெரியாது. பொத்தானை யார் அழுத்தினாலும் வேலை செய்யும். அண்ணன் அழுத்தினால் அண்ணனுக்கு. அதனால்தான் இயந்திரத்தைக் கொடுப்பதோடு அரசின் பொறுப்போ ஆசிரியரின் பொறுப்போ முடிவதில்லை.

வங்கத்தில் ராஸ்சுந்தரி தேவி என்றொரு பெண் இருந்தார். பெரிய குடும்பத்தின் சமையலறையில் உழன்றவர். படிக்கத் தெரிந்த பெண் விதவையாகிவிடுவாள் என்று நம்பிய காலம். கணவரின் 'சைதன்ய பாகவதம்' சுவடியிலிருந்து ஓர் ஏட்டை யாருக்கும் தெரியாமல் எடுத்து அடுக்களையில் ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துவைத்துக்கொண்டார். இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தானே கற்றார். பின்னாளில் தன் வாழ்க்கையை 'ஆமார் ஜீபன்' என்று எழுதினார், 1876இல் அச்சானது. வங்க மொழியின் முதல் தன்வரலாறாக அதைச் சொல்கிறார்கள். மகனின் பனையோலையைத் திருடிப் படித்தவரின் பேத்திகளுக்குப் பேத்திகள் இன்று அண்ணன் தூங்கிய பிறகு அவனுடைய அறையிலிருந்து தன் மடிக்கணினியையே எடுத்துவந்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஒப்படைப்புக் கட்டுரையைத் தட்டச்சு செய்கிறார்கள். இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. என் மாணவி ஒருத்தி தன் கட்டுரை தாமதமானதற்குச் சொன்ன காரணம் இது.

*

தோழியின் வகுப்புக்குத் திரும்பி வருகிறேன். பின்வரிசைப் பெண்ணின் கேள்விக்குப் பிறகு அவள் அந்தப் படக்காட்சியை அழித்துவிட்டாள். அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதே கவிதையை வேறு மாதிரி நடத்தியதாகச் சொன்னாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த முறை அது.

முதலில் திரையை அணைத்துவைத்தாள். கவிதையைக் குரலாக மட்டும் இரண்டு முறை கேட்கவைத்தாள். அதன்பின் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொன்னாள்: தலைப்பு 'நான்' என்கிறது, ஆனால் உள்ளே கவிதை முழுக்க 'அவள்' என்று பேசுகிறது. அவளைப் புகழ்கிறது, அவளிடம் விளையாடாதே என்று எச்சரிக்கிறது, அவளை மதி என்று கேட்கிறது. இந்தப் பேச்சு யாரைப் பார்த்து? அங்கே நிற்பது யார்? பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "அவளப் பத்தி வேற யாருகிட்டயோ சொல்றாங்க மிஸ்." சரி, அவளே பேசினால் எப்படி இருக்கும்? 'அவள்' வருகிற இடத்தில் 'நான்' போட்டு எழுதுங்கள், தெரிந்த ஆங்கிலத்தில், முடியாத இடத்தில் தமிழில்.

நான்கு நான்கு பேராக மடிக்கணினிகளின் முன்னால் உட்கார்ந்து, எழுதியதை வாசித்துப் பதிவு செய்தார்கள். பலருக்குத் தங்கள் குரலைத் தாங்களே வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. ஒருத்தி கேட்டுவிட்டு, "இது நானில்ல மிஸ், எங்கம்மா" என்றாளாம். பெண்சிங்கம் என்ற சொல்லைப் பெரும்பாலோர் எடுத்துவிட்டிருந்தார்கள். நான் சிங்கம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றார்கள். புகழ்ச்சியை 'அவள்' மேல் ஏற்றுவது சுலபம். 'நான்' அதைத் தாங்காது. விமரிசனப் பாடத்தில் நான் ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தருவதை அந்தப் பிள்ளைகள் ஒரு பாடவேளையில் தொட்டுவிட்டார்கள். அதற்குக் கருவி உதவியிருக்கிறது. காட்டுவதற்கு அல்லாமல், பேசுவதற்கும் திரும்பக் கேட்பதற்கும் திருத்துவதற்கும் பயன்பட்டிருக்கிறது.

பத்துக் கைப் படத்தைக் கடைசியில் காட்டினாள், தாங்களே எழுதி முடித்த பிறகு. இம்முறை யாரும் கைதட்டவில்லை. என்ன விடுபட்டிருக்கிறது என்று கேட்டார்கள், புத்தகம் இல்லை என்றார்கள், நாற்காலி இல்லை என்றார்கள். 'தி டெம்பெஸ்ட்' நடத்தும்போதும் இந்த வரிசைதான். முதலில் கதை. பிறகு, மிராண்டா தன் பெயரைச் சொன்ன இரவில் நாட்குறிப்பு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று ஒரு பக்கம். அதன் பிறகு திரை. ஜூலி டேமோர் 2010இல் எடுத்த படத்தில் பிராஸ்பரோ பெண். பிராஸ்பெரா என்ற தாயாக ஹெலன் மிரன் நடித்திருக்கிறார். அதிலிருந்து ஒரு சிறு காட்சி, தகப்பன் வேடத்தில் ஆண் நடித்த ஒரு மேடைப் பதிவிலிருந்து அதே காட்சி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எந்தக் காட்சியும் 'அப்படியே' எடுக்கப்படுவதில்லை, எவரோ ஒருவர் தீர்மானித்து எடுக்கிறார் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். ஒரே படத்தைக் காட்டினால் அது கவிதையின் உண்மையாகிவிடுகிறது. இரண்டைக் காட்டினால் வாசிப்பாகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதிவு செய்யச் சொன்னபோது மூன்று பேர் மறுத்தார்கள். முகம் வேண்டாம், குரல் மட்டும் என்றபோதும் மறுத்தார்கள். யாராவது எடுத்து எங்கேயாவது போட்டுவிட்டால்? ஒரு புகைப்படத்தை மாற்றி ஒட்டிப் பரப்பினால் ஒரு பெண்ணின் படிப்பு அன்றோடு நின்றுபோகும் ஊர்களில் இருந்து வருகிறவர்கள் அவர்கள். அந்தப் பயம் அறியாமை அல்ல. ஆனால் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எந்த நல்ல காரியம் நடந்தாலும் உடனே படம் எடுத்துக் குழுவில் போட்டாக வேண்டும், ஆவணம் கேட்கிறார்கள். தோழி ஒரு முடிவு எடுத்தாள். பதிவுகள் எதுவும் அறையை விட்டுப் போகாது. பாடம் முடிந்ததும் அவரவர் பதிவை அவரவரே அழிக்கலாம். மறுத்த மூவரும் பதிவு செய்யாமல் எழுந்து நின்று வாசித்தார்கள். வகுப்பு நடந்ததற்குச் சான்று எங்கே என்று மேலிருந்து கேட்டபோது அவளிடம் பிள்ளைகளின் நோட்டுகள் மட்டும் இருந்தன. அதற்காக அவள் பேச்சு வாங்கினாள். பெண்களுக்கான வகுப்பறைத் தொழில்நுட்பம் என்று பேசும்போது, அழிக்கும் உரிமையும் அதில் சேர்த்தி என்று நான் நினைக்கிறேன்.

*

இதைப் படிக்கும் மாணவிகளில் பலர் நாளை ஆசிரியைகளாகப் போகிறீர்கள். திரையை எப்போது போடுவது என்பதைவிட, எப்போது அணைப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாத பூவையும் பார்க்காத கடலையும் காட்டுங்கள். கவிதைக்குள் இருக்கும் பெண்ணின் முகத்தை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். அவர்கள் முதலில் வரைந்துகொள்ளட்டும்.

ஆசிரியை ஆகாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். அந்தப் பெட்டி பீரோவில் இருக்கிறதா, அண்ணன் அறையில் இருக்கிறதா? யார் பெயரில் வந்தது? அதன் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? அது உங்கள் பெயரில் வந்ததென்றால் கேட்டு வாங்குங்கள். உங்கள் தங்கையின் பெயரில் வந்ததென்றால் அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் மடியில் இருக்கும் குழந்தையையோ முறத்தையோ ஒரு மணிநேரம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.